அழியாத மின்மினி

பெரியவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது, சின்னவள் கண்ணாடிக்கு அழுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடியைத் துடைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். அழுக்கு பண்றதுக்குன்னே உக்காந்திருக்கிற ஒரே ஆள் நீதான்டி.”

“சுத்தமா இருந்தா கண்ணாடின்னு யாரும் நம்ப மாட்டாங்கக்கா. ஓரத்துல கொஞ்சம் தூசி, மழைத்தண்ணி வழிஞ்ச தடம், எங்கயாவது ஒரு கைரேகை. அப்பத்தான் கண்ணு ஒத்துக்கும்.”

“அப்ப எங்க வீட்டு ஜன்னலைப் பார்த்தா அப்பா மெய்மறந்துடுவார்.”

இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்தாற்போலக் கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவது சின்னவளின் வேலை. வீட்டின் கீழ்த்தளம் அலுவலகம், மாடி குடித்தனம். அப்பா காகிதத்தில் கோடு இழுப்பார். இவள் அந்தக் கோட்டின்மேல் சுவர் எழுப்பி, தரை போட்டு, வெயில் விழவைப்பாள். பார்க்கிறவர் “இது எந்தத் தெருவில இருக்கு?” என்று கேட்டுவிட்டால் படம் தேறியது என்று அர்த்தம்.

அப்பா ஆர்க்கிடெக்ட். அவர் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. “நான் வெளிச்சத்தோட உரையாடுறவன்” என்பார். வெளிச்சம் இதுவரை பதில் சொன்னதாகத் தகவல் இல்லை.

அப்படிப்பட்டவரின் மூத்த மகள் ஆறு வருஷத்துக்கு முன்னால், செடிகளும் நாற்றுகளும் வளர்த்து விற்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். “மண்ணு விக்கிறவன்” என்றார் அப்பா. அந்த ஒரே வாக்கியத்தில்தான் அவர் வாழ்நாளில் அடைமொழி எதுவும் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு மகள் வீட்டுப் படியை மிதிக்கவும் இல்லை.

போன வாரம் நிலைமை தலைகீழானது. மாப்பிள்ளையிடம் வழக்கமாகச் செடி வாங்கும் கண் டாக்டர் அம்மாள் ஒருவர், புதிதாக ஆஸ்பத்திரி கட்டப்போகிறார் என்று தெரிந்ததும், மாப்பிள்ளை நேரே அவரை மாமனாரிடம் அழைத்து வந்துவிட்டார். மனை வேறெங்கும் இல்லை, மாப்பிள்ளையின் நாற்றுப் பண்ணைக்கு நேர் எதிரே. அன்று சாயந்திரத்துக்குள் ‘அந்த ஆள்’ என்பவர் ‘வாங்க மாப்பிள்ளை’ ஆகிவிட்டார். அரசாங்க உத்தியோகத்தில்கூட அவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு கிடைக்காது.

“அப்பா ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார்டி” என்றாள் பெரியவள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், சத்தமாகச் சொன்னால் கலைந்துவிடும் என்பதுபோல. “மத்தியானம் எங்க வீட்லதான் சாப்பாடு. இன்னைக்கு மீட்டிங் நல்லபடியா முடியணும். அவ்வளவுதான் எனக்கு.”

“முடியும்கா.”

“முடியணும். உங்கத்தான் காலைல இருந்து மூணு சட்டை மாத்திட்டார். மீட்டிங்ல அப்பா தன் பக்கத்துல உக்காரச் சொன்னாராம். எந்தப் பக்கம்னு சொல்லலையாம், அதுக்கும் ஒரு கவலை.” பெரியவள் திரையருகே குனிந்தாள். “இது என்ன, பொறி மாதிரி?”

திரையில் புது ஆஸ்பத்திரி நின்றது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. உட்பக்கமாகக் குழிந்து வளைந்த கண்ணாடி. தெருவுக்கு இந்தப் பக்கம், கீழ் மூலையில், வெள்ளையாய் ஒரு சின்னச் சிதறல்.

“மின்மினி” என்றாள் சின்னவள்.

இந்தத் தொழிலில் அப்படித்தான் அதற்குப் பெயர். கம்ப்யூட்டர் வெளிச்சத்தைக் கணக்குப் போடும்போது அங்கங்கே தடுமாறி, தேவையில்லாத இடத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துவிடும். கடைசியில் அதைத் துடைத்துவிடுவார்கள். சின்னவள் ஏற்கெனவே இரண்டு படங்களில் இதே மூலையில் இதே மின்மினியைத் துடைத்திருந்தாள்.

“துடைச்சுடு” என்றாள் பெரியவள், ஜன்னல் துடைக்கச் சொல்கிற தோரணையில். காபி போட மாடிக்குப் போனாள்.

சின்னவள் துடைக்கத்தான் போனாள். கையை எடுத்துவிட்டாள். ஒரே மின்மினி ஒரே மூலைக்கு மூன்றாவது முறை வருமா?

இந்தக் கண்ணாடி அவளை ஒரு வாரமாகப் பாடாய்ப் படுத்தியிருந்தது. முதல் படத்தைப் பார்த்த அப்பா உதட்டைப் பிதுக்கினார். “இது கண்ணாடி இல்ல. பாத்திரம் மூடுற பிளாஸ்டிக் தாள். கண்ணாடி இருக்கணும், ஆனா இருக்கக் கூடாது. புரியுதா?” புரியவில்லை. புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டுவதுதான் அந்த அலுவலகத்தின் முதல் தகுதி.

அவளாகவே ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். தாள்போல இருந்ததற்குத் தடிமன் கொடுத்தாள். விளிம்பில் லேசாகப் பச்சை ஏற்றினாள். ஒவ்வொரு பலகையையும் மயிரிழை அளவு ஒன்றுக்கொன்று சாய்த்தாள், பிம்பம் பலகைக்குப் பலகை உடைந்து தெரியட்டும் என்று. மனையின் நடுவில் நின்று சுற்றுப்புறம் முழுக்கத் தானே எடுத்த புகைப்படத்தைப் படத்தைச் சுற்றி மாட்டினாள். கண்ணாடிக்கென்று சொந்தமாக ஒன்றும் கிடையாது. எதிரில் இருப்பதைக் காட்டித்தான் அது பிழைக்கிறது.

அப்படியும் செத்துத்தான் கிடந்தது. கடைசியாக ஒன்று செய்தாள். கண்ணாடியில் பட்ட வெயில் திரும்பிப் போய் எங்கே விழுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்கிற வசதி ஒன்று மென்பொருளில் உண்டு. கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் விழுங்கிவிடும் என்பதால் யாரும் அதைச் சீண்டுவதில்லை. அவள் சீண்டினாள். கண்ணாடி உயிரோடு எழுந்து உட்கார்ந்தது. மின்மினியும் அன்றைக்குத்தான் வந்தது.

இப்போது அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்து, இன்னும் நிதானமாகக் கணக்குப் போடச் சொன்னாள். தடுமாற்றமாக இருந்தால் நேரம் கொடுக்கக் கொடுக்கக் கரைய வேண்டும்.

கரையவில்லை. சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒன்றுகூடி, பளிச்சென்று ஒரு வட்டமாகின.

சூரியனைக் கொஞ்சம் மேற்கே தள்ளினாள். வட்டமும் நகர்ந்தது. திரும்பக் கிழக்கே இழுத்தாள். சமர்த்தாய்க் கூடவே வந்தது. தடுமாற்றத்துக்குச் சூரியன் இருக்கிற திசையெல்லாம் தெரியாது.

இது மின்மினி இல்லை. வெயில். முகப்பு மொத்தமும் ஒரு குழிந்த கண்ணாடியாய் நின்று, பிற்பகல் வெயிலை வாரிச் சுருட்டித் தெருவைத் தாண்டி ஓரிடத்தில் கொட்டுகிறது. அந்த இடத்தில் அவள் எடுத்த புகைப்படத்தில் பச்சை நிழல்வலை தெரிந்தது. வலைக்கு அடியில் வரிசை வரிசையாய்க் கறுப்புப் பைகள்.

அத்தானின் நாற்று மேடை.

சின்னவள் அப்பாவின் அறைக்குப் போனாள். ஆர்க்கிடெக்ட் நிலைக்கண்ணாடி முன் நின்று, மீட்டிங்கில் யோசிக்காமல் பேசப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“...இது கட்டடம் இல்ல டாக்டர், ஒரு அணைப்பு. நோயாளியைப் பார்த்துக் கை விரிக்கிற...” கையை விரித்தார். அளவு போதவில்லை போலும், இன்னும் கொஞ்சம் விரித்தார்.

“அப்பா, அந்த வளைவுல ஒரு சிக்கல்.”

“பேசறதுக்கு முன்னாடி எங்கிட்ட டெக்னிக்கலா எதுவும் பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

“ரெண்டே நிமிஷம்பா. வெயில் அதுல பட்டு—”

“படணும்! பட்டாத்தான் கண்ணாடி. போன தடவை செத்துக் கிடந்துச்சு, இப்ப உயிர் வந்திருக்கு. நேத்து நானே பார்த்தேனே. கடைசியாப் போட்டதையே போடு. எதையும் தொடாதே.”

“கடைசியாப் போட்டதுல ஒரு வட்டம் இருக்கு.”

“இருக்கட்டும்.” டையைச் சரிசெய்தார். “மாப்பிள்ளை வந்துட்டாரா பாரு.”

மாப்பிள்ளை வந்துவிட்டிருந்தார். நாலாவது சட்டையில்.

சின்னவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். நேற்றுத் துடைத்த படம் ஒன்று, இன்றைக்குத் துடைக்காத படம் ஒன்று, இரண்டும் தயாராக இருந்தன. துடைத்ததைப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை அப்பா அக்கா வீட்டில் சாப்பிடுவார். கட்டடம் எழும்பின பிறகு ஒரு பிற்பகலில் அத்தானின் நாற்றெல்லாம் வாடும். துடைக்காததைப் போட்டால் ஞாயிற்றுக்கிழமையே நடக்காது. எதையும் தொடாதே என்று அப்பா சொல்லியிருந்தார். அவள் முதல்முறையாக அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டாள். துடைக்காததைப் போட்டாள்.

டாக்டர் இரண்டு ஆபரேஷன்களுக்கு நடுவில் வந்திருந்தார். உட்காரும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். காபியை வேண்டாமென்றார். ஆர்க்கிடெக்ட் கை விரித்தார். அணைப்பு என்றார். உரையாடல் என்றார். “இங்க சுவருங்கிறது ஒரு கேள்வி, கண்ணாடிங்கிறது அதுக்கான மௌனம்” என்றார். அவருக்கு வலப்பக்கம் உட்கார இடம் கிடைத்திருந்த மாப்பிள்ளை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புரிந்தவர்போல் தலையாட்டினார். அந்த அலுவலகத்துக்குப் பொருத்தமான மாப்பிள்ளைதான் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

டாக்டர் சுவரில் விழுந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நிஜமாவே கட்டின மாதிரி இருக்கு. அந்தக் கண்ணாடியைத் தொடலாம் போல.” பிறகு விரல் நீட்டினார். “கீழ அந்த மூலையில ஒரு வட்டமா வெளிச்சம் தெரியுதே, அது என்ன?”

ஆர்க்கிடெக்ட் திரும்பிப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்ற சொல்லும் அவருக்குத் தெரியாது.

சின்னவள் வாயைத் திறந்தாள். “அது வந்து—”

“அது நான் வேணும்னே வச்சது” என்றார் அப்பா. “சூரியனோட முத்திரை. கட்டடம் வெளிச்சத்தைத் தனக்குன்னு வச்சுக்கக் கூடாது டாக்டர். வாங்கினதைத் தெருவுக்குத் திருப்பிக் குடுக்கணும்.”

“கண் கூசாதா?”

“கூசட்டுமே! கூசினாத்தானே நமக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வருது.”

டாக்டர் சிரித்துவிட்டார். தினமும் கண் கூசுகிறதென்று வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவருக்கு அது புதுமையாக இருந்திருக்கலாம். “நல்லாத்தான் இருக்கு. அப்ப அந்த வட்டம் கண்டிப்பா வரணும். எங்க டிரஸ்ட்காரங்ககிட்டயும் இந்தப் படத்தையே காட்டுறேன்.”

“சூரியன் இருக்கிற வரைக்கும் வரும்” என்று வாக்குக் கொடுத்தார் அப்பா.

மாப்பிள்ளை கைதட்டினார். வேறு யாரும் தட்டாததால் இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டார்.

டாக்டரின் கார் போனதும் ஆர்க்கிடெக்ட் டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். “பார்த்தீங்களா மாப்பிள்ளை? ஒரு கேள்வி, ஒரு பதில். விஷயம் முடிஞ்சுது.”

“அருமை மாமா. முத்திரைன்னு சொன்னீங்க பாருங்க, எனக்குச் சிலிர்த்துடுச்சு.”

பெரியவளுக்குச் சிலிர்க்கவில்லை. காபித் தட்டோடு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தவள் அதை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப் படத்துக்கு வெகு அருகில் போய் நின்றாள். பையில் மண் நிரப்புவதிலிருந்து எந்த வரிசைக்கு எப்போது தண்ணீர் என்பது வரை பண்ணையை நடத்துகிறவள் அவள்தான். மாப்பிள்ளை செடி விற்பார், செடிகள் அவளைத்தான் நம்பி இருந்தன.

“அப்பா, அந்த வட்டம் விழுற இடம் எங்க நாத்து மேடைதானே?”

“தெருவுக்கு அந்தப் பக்கம்மா.”

“தெருவுக்கு அந்தப் பக்கம் நாங்கதான்பா இருக்கோம்.”

“வெளிச்சம்தானே?” என்றார் மாப்பிள்ளை அவசரமாக. “செடிக்கு வெளிச்சம் நல்லதுதானே.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. வெயில் ஆகாதுன்னுதானே வலை போட்டிருக்கோம்?” பெரியவள் அப்பாவை விட்டுக் கண் எடுக்கவில்லை. “வேணும்னே வச்சேன்னு சொன்னீங்களே. எங்க மேல விழும்னு தெரிஞ்சா வச்சீங்க?”

இரண்டே விடைகள்தான் உண்டு. தெரியும் என்றால் அவர் மகள் பிழைப்பில் தீ வைக்கிறவர். தெரியாது என்றால் ஆர்க்கிடெக்ட் இல்லை. அவர் மூன்றாவது விடையைக் கண்டுபிடித்தார்.

“உன் தங்கச்சியைக் கேளு. படம் அவ போட்டது.”

பெரியவள் திரும்பினாள். காலையில் காபி போடப் போனபோது இருந்த முகம் இல்லை அது.

“மின்மினின்னு சொன்னியே?”

“அப்படித்தான்கா நெனச்சேன்.” சின்னவள் எழுந்து நின்றாள். “நீ மேல போன பிறகு சோதிச்சுப் பார்த்தேன். அது வெயில்தான். சூரியனைத் தள்ளினா தள்ளின பக்கம் போகுது. உங்க மேடை மேலதான் விழுது. முன்னாடி ரெண்டு படத்துலயும் இதே இடத்துல வந்துச்சு. கோளாறுன்னு துடைச்சுட்டேன்.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா காபியைப் பார்த்தார்.

“சொல்லப் போனேன்.”

பெரியவள் கைப்பையை எடுத்தாள். மாப்பிள்ளையும் எழுந்தார், போவதற்கா தடுப்பதற்கா என்று அவருக்கே நிச்சயமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே அறையிலிருந்து அவள் இப்படித்தான் கிளம்பியிருந்தாள். அன்று கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

இன்று கதவுவரை போகவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“வளைவை எடுத்துடுங்கப்பா.”

“வளைவுதான்மா கட்டடமே.”

“அப்ப வட்டத்தையாவது எடுங்க.”

“ஏம்மா,” என்று அப்பா சின்னவள் பக்கம் திரும்பினார், குரலில் முதல்முறையாக ஒரு கெஞ்சல். “வட்டத்தை மட்டும் எடுக்க முடியாதா?”

“படத்துல ஒரு நிமிஷத்துல எடுத்துடலாம்பா. கட்டடத்துல எடுக்கணும்னா வளைவை நிமித்தணும்.”

ஆர்க்கிடெக்ட் தன் கை இரண்டையும் பார்த்துக்கொண்டார். விரித்துப் பழகின கைகள். இனி அவற்றை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தராத மாதிரி மேஜைமேல் கிடந்தன. காலேஜ் நாளிலிருந்து அவர் போடுகிற வளைவு அது. இதுவரை யாரும் கட்ட முன்வரவில்லை. முதல்முறையாக முன்வந்தவரைக் கூட்டிவந்தது மண்ணு விக்கிறவன்.

ஃபோன் அடித்தது. அப்பா எழுந்து எடுத்தார். டாக்டர். ஆபரேஷன் தியேட்டரில் அதட்டிப் பேசிப் பழகின குரல், காதிலிருந்து ஃபோனைத் தள்ளிப் பிடித்தாலும் அறை முழுக்கக் கேட்டது.

“சார், போற வழியில ஒரு சந்தேகம். அந்த வட்டத்துல கை வச்சா சுடுமா?”

அறையில் இருந்த மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். பெரியவள் கைப்பையின் வாரைப் பிடித்திருந்தாள்.

அப்பா மூச்சை இழுத்தார். அப்படி இழுத்தால் பின்னால் ஒரு பிரசங்கம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“சுடும்” என்றார்.

ஃபோனை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

“அது நான் வச்சது இல்ல டாக்டர். வளைவுல பட்டுத் தானா விழுது. எதிர்ல நம்ம மாப்பிள்ளையோட நாத்து மேடை இருக்கு, அது மேல விழுது.” கொஞ்சம் நிறுத்தினார். “என் சின்னப் பொண்ணு கண்டுபிடிச்சா.”

அந்தக் கடைசி வாக்கியம் பாராட்டா, பழியா என்று சின்னவள் யோசித்தாள். இரண்டுக்கும் தோதாகத்தான் இருந்தது. ஆனால் ‘நம்ம மாப்பிள்ளை’ என்று அவர் சொன்னபோது அத்தான் தன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டதை அவள் கவனித்தாள்.

“ஃபோனை அவங்ககிட்ட குடுங்க சார்” என்றார் டாக்டர்.

அப்பா ஃபோனை நீட்டினார். சின்னவள் வாங்கிக்கொண்டாள்.

“அம்மா, நீங்கதானே படம் போட்டது? வளைவு இல்லாம, முகப்பை நேரா வச்சு எனக்கு ஒரு படம் போட்டுக் காட்ட முடியுமா? அப்பாவைக் கேக்கலை. உங்களைக் கேக்கறேன்.”

அப்பா ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தார். ஒரு எழுத்து விடாமல் அவர் காதில் விழுந்திருந்தது. ‘அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிடலாம். இந்த வீட்டில் அவள் இதுவரை சொன்ன பதிலெல்லாம் அதுதான். அவர் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவோம் என்று பயந்து, சுவரில் பளபளத்த அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் செய்த கண்ணாடிகளிலேயே அதுதான் தேறியது.

“முடியும் டாக்டர்.”

“எப்போ?”

“நாளைக்கு.”

ஃபோனை மேஜைமேல் வைத்தாள். பெரியவள் கைப்பையின் வாரை விட்டிருந்தாள், ஆனால் தங்கையையோ அப்பாவையோ பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மாப்பிள்ளைதான் முதலில் அசைந்தார். தன் நாற்காலியையே மாமனார் பக்கம் நகர்த்திப் போட்டார். “உக்காருங்க மாமா.”

அப்பா உட்காரவில்லை. போகவும் இல்லை.